புதினாத் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அக்கா சொல்லுவாள். "ஆண்டவன் குடுத்த மூக்க வச்சு உனக்குக் கோபப்படத்தான் தெரியுது. அத அவருக்குக் குடுத்திருந்தா நாலு பேர் நல்லா சாப்பிட்டிருப்பாங்க" என்பாள். அவர் என்றால் அத்தான், அவள் கணவர். பஸ் பணிமனை கேன்டீனில் சமையல்காரர். ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவருக்கு வாசனை தெரியாது. பூண்டை நசுக்கி மூக்கடியில் வைத்தாலும் கல்லை வைத்த மாதிரி பார்ப்பார். வாசனை போனால் ருசியிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. உப்பு, புளிப்பு, உறைப்பு என்று ஏதோ நாக்கில் தட்டும், அவ்வளவுதான்.

சமையல்காரருக்கு மூக்கு போனது வெளியே தெரிந்தால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அதனால் அக்காவும் கேன்டீனுக்குப் போக ஆரம்பித்தாள். காய் நறுக்கிக் கொடுக்க வருகிறாள் என்று பெயர். உண்மையில் அவள் வேலை அண்டா பக்கத்தில் நிற்பது. "வெங்காயம் கருகுது, தீயைக் கொறைங்க." "பருப்பு இன்னும் பச்ச வாசன அடிக்குது." "போதும், எறக்குங்க." உதட்டை அசைக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். கை அவருடையது, மூக்கு இவளுடையது. மெக்கானிக்குகள் இரண்டு பேரையும் பார்த்து, "அண்ணி இல்லாம அண்ணனுக்கு அடுப்பே பத்தாது" என்று கேலி பண்ணுவார்கள். அது எவ்வளவு உண்மை என்று அவர்களுக்குத் தெரியாது.

அத்தானுக்குப் புதினா மட்டும் தெரியும். வாசனை இல்லை, அதன் குளிர்ச்சி. ஓர் இலையை மென்று மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டைவரை சில்லென்று இறங்கும் இல்லையா, அது காய்ச்சலில் போகவில்லை. "வாயில போட்டா வந்துட்டேன்னு சொல்றது இது ஒண்ணுதான்" என்பார். அன்றிலிருந்து மனுஷன் புதினாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பால்கனி முழுக்கப் புதினாத் தொட்டி. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கொத்து. சோற்றில் புதினா, முட்டையில் புதினா, எலுமிச்சை ஜூஸில் புதினா. அஜீரணம் என்றால் கொதிக்க வைத்த தண்ணீர், தலைவலி என்றால் அரைத்து நெற்றியில் பற்று, மூக்கடைப்பு என்றால் ஆவி, வாய்ப்புண் என்றால் கொப்பளிக்கக் கஷாயம். நான் கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். விரலில் ஊசி ஏறிவிட்டது என்று மேலே ஓடினால் அதற்கும் புதினாவைக் கசக்கிக்கொண்டு வருவார்.

"ஊசி குத்துனதுக்குமா அத்தான்?"

"வச்சுத்தான் பாரேன் வாயாடி. செத்தா போயிடுவ?"

வாயாடி என்பது எனக்கு அந்த வீட்டில் வைத்த பெயர். அக்காதான் அவரை அடக்கி வைப்பாள். "ஏங்க, இது சாப்பாடா, பல்பொடியா?" என்று அவர் கையிலிருந்து பாதி இலையைப் பிடுங்கி அந்தப் பக்கம் போடுவாள். அவர் முறைப்பார். பிறகு அவள் சொன்ன அளவுதான் போடுவார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே பெரிதாகியிருந்தது. அறுக்க முடியாது, மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எங்களை உட்கார வைத்து ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "இந்த மருந்தத் தாங்குறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும். எடை ரொம்ப எறங்கினா நான் நிறுத்திடுவேன். அதனால மருந்து என் பொறுப்பு, சாப்பாடு உங்க பொறுப்பு." அவர் பொதுவாகத்தான் சொன்னார். அத்தான் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். சமையல்காரரிடம் போய் அப்படிச் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்ததும் அக்காவின் நாக்குக்கு எல்லாமே இரும்பாகிவிட்டது. சோறு இரும்பு, பால் இரும்பு, குடிக்கிற தண்ணீரும் இரும்பு. அத்தான் சமைத்துச் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார், அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் புதினாவைக் கசக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து ஒரு டம்ளர் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இது எறங்குதுங்க" என்றாள்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. நேராகக் கீழே ஓடிவந்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, "எறங்குதாம்! புதினா எறங்குதாம்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எதற்கு வந்தார் என்பதே மறந்து திரும்பி ஓடினார்.

அதற்குப் பிறகு மருந்து ஏற்றும் நாளெல்லாம் புதினா நாள்தான். ஃபிளாஸ்கில் புதினாத் தண்ணீர். வாய்ப்புண் எரிந்தால் உறிஞ்ச, இலை போட்டு உறைய வைத்த ஐஸ் கட்டி. குமட்டினால் முகர, கைக்குட்டையில் கசக்கி முடிந்த கொத்து. நெற்றிக்குப் பற்று. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறையில் நாற்காலி நாற்காலியாக எத்தனையோ பேர் கையில் ஊசியோடு சாய்ந்திருப்பார்கள். அவர்களில் எங்கள் அக்கா மட்டும் பச்சையாக இருப்பாள். நர்சம்மா, "என்ன இது, தோட்டத்தோட வந்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே போவார். உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் நன்றாகத்தான் கேட்டது. அக்கா கொஞ்சம் சாப்பிட்டாள், எடையும் நின்றது.

பிறகு எடை இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் மத்தியானம் தைத்து முடித்த ஜாக்கெட்டைக் காட்டலாம் என்று மேலே போனேன். அத்தான் அடுப்படியில் இருந்தார். அக்கா குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, அவர் கொடுத்த டம்ளரை வாஷ்பேசினில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் தாங்க முடியவில்லை, குனிந்து ஓங்கரித்தாள். வாந்திச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றுதான் குழாய்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். "என்னடி பண்ற?" என்றேன். மூத்தவளை 'டி' போட்டுக் கூப்பிடுகிற பழக்கம் எனக்குக் கோபம் வந்தால்தான்.

"கத்தாத." கதவைச் சாத்தினாள். குளியல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். "முடியலடி. மருந்து ஏறும்போதெல்லாம் வாயில இதுதான் இருந்துச்சு. மூக்குல இதுதான் இருந்துச்சு. இப்ப இத மோந்தாலே அந்த நாற்காலி, அந்த ஊசி, எல்லாம் வந்து நிக்குது. இரும்பே தேவலைன்னு ஆயிடுச்சு."

"அத அந்த மனுஷன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது."

"நான் சொல்லுவேன்."

"சொன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன்." அவள் சொன்னது சின்னப் பிள்ளைப் பேச்சு. முகம் அப்படி இல்லை. "அவருக்கு இந்த ஒலகத்துல தெரியிறது இது ஒண்ணுதான். அத எனக்குக் குடுக்கிறாரு. அதப் போய் வாந்தின்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இரண்டு பேரையும் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஊர் வம்பு அத்தனையும் ஒரு மூச்சில் சொல்கிற என் வாயை அவள் அப்படிக் கட்டிப் போட்டாள்.

சொல்லத்தான் கூடாது, செய்யலாம் இல்லையா? "நான் பக்கத்துல இருந்து குடிக்க வைக்கிறேன் அத்தான், நீங்க வேலையப் பாருங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். போய் நானே குடித்துவிடுவேன். கொட்டினால் வாசனை நிற்கும் என்பதால் குடம் குடமாகக் குடித்தேன். என் வயிறு அவ்வளவு சுகமாக வாழ்க்கையில் இருந்ததில்லை. அக்கா படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏப்பம் விடாத, அதுவும் அடிக்குது" என்பாள். அப்புறம் கீழேயிருந்து ஒளித்துக் கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கையோ ரொட்டியையோ நீட்டுவேன். ஒரு துண்டு தின்பாள். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு அதற்கு மேல் அவளால் முடியாது. திரைச்சீலையில் புதினா, தலையணையில் புதினா. நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கிற அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். "ஃபேன் காத்து முகத்துல அடிக்குதுங்க" என்பாள். அவர் எழுந்து ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து இன்னும் நெருங்கி உட்காருவார்.

கேன்டீனிலும் கூத்துதான். அக்கா இல்லாமல் அவர் அளவு தெரியாமல் தவித்தார். தனக்குத் தெரிகிற ஒன்றை அள்ளி அள்ளிப் போட்டார். மெக்கானிக்குகள் தட்டோடு வந்து, "அண்ணே, நாங்க காலைலயே பல் வெளக்கிட்டோம்ணே" என்றார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, "அவ எழுந்து வந்துட்டான்னா சரியாயிடும்" என்றார்.

விஷயம் நான் சொல்லாமலே உடைந்தது.

அன்றும் மருந்து ஏற்றும் நாள். எடை மறுபடி இறங்கியிருந்தது. நர்சம்மா எடையைக் குறித்துக்கொண்டு ஊசியைக் குத்தினார். அத்தான் வழக்கம்போல் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, முதல் தடவை வந்திருந்தார். அவருடைய மகள் டப்பாவில் பொரித்த மீன் கொண்டுவந்திருந்தாள். நர்சம்மா டப்பாவை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு வேணாம்மா. மருந்து ஏத்துற அன்னிக்குப் பிடிச்சது எதையும் குடுக்காதீங்க. குடுத்தா அதோட சேந்து மனசுல பதிஞ்சிடும். அப்புறம் எப்ப அந்த வாசன பட்டாலும் வாந்திதான். ஒருத்தர் காப்பிய அப்படியே விட்டாரு, இன்னொருத்தர் வீட்டுப் பக்கமே மல்லிப்பூ வரக் கூடாதுன்னுட்டாரு. வாசன இல்லாததா, ஆறினதாக் குடுங்க. பிடிச்சத வீட்டுக்குப் பத்திரமா வச்சுக்கோங்க."

புதியவர்களுக்குச் சொல்வதுதான். எங்களுக்கும் முதல் நாளில் சொல்லியிருப்பார்கள், அன்றைக்கு எங்கள் காதில் என்ன ஏறியது? அத்தான் கையில் ஃபிளாஸ்க் மூடியோடு அப்படியே நின்றார். மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். அவள் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. இதற்கு மேல் யார் என்ன சொல்ல வேண்டும்?

அவர் ஃபிளாஸ்கை மூடினார். என்னைப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமா?" என்றார். நான் தலையாட்டினேன். "எத்தன நாளா?" என்றார். நான் ஃபிளாஸ்கை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடியில் கொட்டினார். திரைச்சீலையை அவிழ்த்தார், தலையணை உறையை உருவினார், எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். தரையைத் தேய்த்தார். குளித்தார். வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"அடிக்குதா?"

முகர்ந்து பார்த்தேன். "கொஞ்சம்."

மறுபடி போய்க் குளித்தார். மறுபடி வந்து நீட்டினார். பச்சைக் குழந்தை மாதிரி உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார். தன் உடம்பு என்ன நாறுகிறதென்று தனக்குத் தெரியாத மனுஷன். "இல்ல அத்தான். சோப்புதான் மணக்குது" என்றேன். பொய் இல்லை, உண்மையிலேயே போய்விட்டிருந்தது.

அப்புறம்தான் கஞ்சியை வடித்து, ஆற வைத்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வாசனையே இல்லாத வெறும் கஞ்சி. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் அவள் தொண்டை ஏறி இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து ஓங்கரித்தாள்.

புதினா அந்த வீட்டில் ஓர் இலைகூட இல்லை. ஆனால் அத்தனை தடவையும் அந்த டம்ளரை நீட்டியது அவர் முகம்தானே. அவளுடைய வயிறு அவரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று முதல் அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஹாலில், அவள் கண்ணுக்குப் படாத சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொள்வார். சமைப்பார், ஆற வைப்பார், என் கையில் கொடுப்பார். நான் ஊட்டுவேன். எனக்கு ஊட்டத் தெரியாது. அவசரப்படுவேன், மேலே சிந்துவேன், "முழுங்குடி" என்று அதட்டுவேன். அக்கா என் தோளுக்கு மேலாகக் கதவையே பார்ப்பாள். "அவர வரச் சொல்லேன்" என்பாள். நான் போய்ச் சொன்னால் அவர், "சாப்பிடட்டும். நான் வந்தா சாப்பிட மாட்டா" என்பார். நடுவில் நான் தூது போய்க் காலே தேய்ந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால்கூட இரண்டு பேரையும் திட்டலாம். இதில் யாரைத் திட்டுவது?

அடுத்த முறை போனபோது டாக்டர் மருந்தை நிறுத்தினார். இனி தாங்காது, வீட்டில் வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். அத்தான் அங்கேயே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாடு என் பொறுப்புன்னு சொன்னாரு" என்றார் என்னிடம். "நான்தான் அவ வாயக் கெடுத்தேன்."

"அத்தான், கட்டி பெருசுன்னு மொதல்லயே சொன்னாங்க. ஒங்க புதினாவா அவள இப்படி ஆக்குச்சு? பைத்தியம் மாதிரி பேசாதீங்க" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவர் அதே சுவரோரத்தில்தான் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் நான் கிண்ணத்தோடு அறைக்குள் போனேன். அக்கா கட்டிலில் இல்லை. கட்டிலைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, கதவுவரை வந்திருந்தாள். நான் பிடிக்கப் போனதற்கு, "தள்ளு" என்றாள். "வாந்திக்குப் பேசின் எடுத்துட்டு வா" என்றாள்.

ஹாலுக்கு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் பதறி எழப் பார்த்தார்.

"வேணாம்மா. ஒனக்கு ஆகாது. வாந்தி வரும்."

"வரட்டும்."

அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். உடனே உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் பேசினைப் பிடித்தேன். எடுக்க ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதே தோளில் சாய்ந்தாள். மறுபடி குலுங்கியது. மறுபடி துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இப்படி உன்னயே வதைக்கிற?" அவர் அழுதார்.

"வாந்தி எடுக்கிறது ஒடம்புங்க. நான் இல்ல" என்றாள் அக்கா. "அதுக்கு ஒங்களத் தெரியாது. எனக்குத் தெரியும். நகராம உக்காருங்க."

அதற்குப் பிறகு ஹாலில்தான் படுக்கை போட்டோம். அவர் சுவரில் சாய்ந்திருப்பார், அவள் அவர்மேல் சாய்ந்திருப்பாள், நான் பேசினோடு எதிரே உட்கார்ந்திருப்பேன். தைக்க வந்த துணியெல்லாம் கீழே அப்படியே கிடந்தது. அவர் ஸ்பூனில் ஆறிய கஞ்சி கொடுப்பார். பாதி உள்ளே போகும், பாதி திரும்பி வரும். வந்தால் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மெக்கானிக்குகள் கேன்டீன் சாப்பாட்டை என்ன சொன்னார்கள், அடுத்த வீட்டுக்காரர் ஏன் கதவை இப்படி அறைந்து சாத்துகிறார், இதுதான் பேச்சு. அக்காவின் குரல் வரவர மெலிந்தது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் காலையில் அவர் அவளைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். நான் பேசினை நீட்டினேன். அவள் குலுங்கவில்லை. தலை அவர் சட்டையில் அப்படியே படிந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"பாத்தியா, இன்னிக்குக் கொமட்டவே இல்ல" என்றார், அவளை எழுப்பிவிடக் கூடாதென்று ரகசியமாக.

அக்காவின் கை பாயில் கிடந்தது. அதை எடுத்து என் கைக்குள் வைத்துப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது. நான் பேசினைக் கீழே வைத்தேன்.